மேசைக்குப் போட்ட மிதவைச் சட்டை

மிதவைச் சட்டையை மேசைமேல் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டு, மனிதனை வெறும் ஜிப்பாவோடு கடலுக்குள் அனுப்பியவர்கள் எங்கள் காஜா பெராங் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தார். இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கிழவி கதை கட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கட்டுகிற அளவுக்கு எனக்குக் கற்பனை கிடையாது. அந்தச் சங்கத்தாரைப் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. மலாக்கா டவுன் முழுக்க ஆளுக்கொரு கொண்டாட்டம். மலாய்க்காரர்கள் ஆற்றில் படகு விட்டார்கள், சீனர்கள் மேளம் கொட்டிச் சிங்கம் ஆட்டினார்கள். நம்மாட்கள் என்ன செய்யப்போகிறோம் என்ற பேச்சு கோப்பிக்கடையில் ஆரம்பித்துச் சங்கத்துக்கு வந்தது. நாடகம் என்றால் எல்லோரும் போடுவது. கோலாட்டம் என்றால் பெண்களைக் கூப்பிட வேண்டும், அதற்கு அவர்களுக்கு மனசு வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, கப்பலில் ஏற்ற முடியாத தன் துடுப்புப் படகைச் சங்கத் தலைவரின் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

மரச்சட்டத்தின்மேல் கேன்வாஸ் துணியை இழுத்து மாட்டிப் பச்சைப் பெயிண்ட் அடித்த படகு. நீளம், ஒல்லி. ஆள் உட்கார மேலே முன்னும் பின்னுமாக இரண்டு ஓட்டை. துடுப்புக்கு இரண்டு முனையிலும் இலை. மீன்பிடிக்கிற சம்பான் தோணி மாதிரி அகலமாகத் தண்ணீரில் உட்கார்ந்திருக்காது. நாம் இடுப்பை அசைத்தால் அதுவும் அசையும். பார்த்ததுமே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. ஆனால் சங்கத்துக்கு அன்றே பிடித்துவிட்டது. சுதந்திர விழாவில் கடலில் படகு விட்ட முதல் தமிழர்கள் நாம்தான் என்று சொல்லிக்கொள்ளலாமாம். நாகப்பட்டினத்திலிருந்து இவர்களுடைய பாட்டன்கள் பறந்தா வந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் உஜோங் பாசிரில் பிறந்தவள். அப்பாவுக்குச் சுங்கத்தில் காவல் வேலை. வீடு கடலோரம், நீர் ஏறினால் குசினிக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்கும். அந்தக் கலங்கல் தண்ணீரில் நாய்க்குட்டி நீந்துவதுபோலக் கையைக் காலை அடித்து மிதக்கக் கற்றுக்கொண்டோம். பெரிய நீச்சல் ஒன்றும் இல்லை. கடல் பற்றி எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் கொஞ்சம்தான். சுமத்ரா பக்கம் வானம் கறுத்தால் வீட்டுக்கு ஓடு. படகு கவிழ்ந்தால் படகை விடாதே. இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் கூட்டம் போடவில்லை.

என் வீட்டுக்காரர் அலோர் காஜா பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். படித்து டவுனில் அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக ஆனார். தண்ணீர் என்றால் அவருக்கு வாளியில் இருப்பது. மழைக்காலத்தில் வாசலில் கணுக்கால் அளவு தேங்கினாலே வேட்டியைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நடப்பார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கென்று இருந்தது இவர் ஒருத்தர்தான். இவரைத்தான் அந்தப் படகில் ஏற்றுவதென்று முடிவு செய்தார்கள்.

காரணம், இவர் சங்கச் செயலாளர். தலைவர் முன் ஓட்டையில் உட்காருவார், ஏனென்றால் தலைவர் யாருக்கும் பின்னால் உட்காருவதில்லை. தலைவருக்குப் பின்னால் செயலாளர். கல்யாண வீட்டுப் பந்தியிலும் மேடையிலும் இருக்கிற வரிசை கடலிலும் இருக்க வேண்டும். தலைவர் நல்ல தாட்டியான மனிதர். அந்த எடையை முன்னால் வைத்தால் படகின் மூக்கு முங்கும் என்பது அரிசி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியைப் பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும். சொன்னேன். தலைவரைப் பின்னால் உட்காரச் சொல்ல எந்த வாய்க்குத் துணிச்சல் உண்டு என்று கேட்டார் இவர்.

அபாயத்தைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்தார்கள், அவர்கள் பாணியில். பாதுகாப்பு உபகுழு ஒன்று அமைத்தார்கள். அதற்கு ஒரு தலைவர், அவருக்கு ஒரு துணை. முதல் கூட்டத்தில் வரவேற்புரை; அடுத்த கூட்டத்தில் முதல் கூட்டத்தைச் சிறப்பாக நடத்தியதற்கு நன்றியுரை. படகு கவிழ்ந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விழா நேரத்தில் இப்படி அபசகுனமாகப் பேசலாமா என்று இன்னொருவர் எழுந்திருக்கிறார். கவிழ்வது பற்றிப் பேசுவதில்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. இதை இவர் வீட்டுக்கு வந்து பெருமையோடு சொன்னார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

பயிற்சி நடந்தது கடலில் இல்லை, பூப்பந்துத் திடலில். புல்மேல் படகை வைத்து, தலைவரும் இவரும் ஓட்டைகளுக்குள் உட்கார்ந்து, சாயங்காலம் தோறும் காற்றில் துடுப்புப் போட்டார்கள். உபகுழுத் தலைவர் விசில் ஊதினார். ஊரே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டு அக்காவும் நானும்கூடப் போய்ப் பார்த்தோம். அவர் மலாக்கா செட்டி வம்சம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். புல்லில் நட்ட இந்தப் படகு எப்போது முளைவிடும் என்று என்னிடம் கேட்டார். புல்லில் அது ஒருதரம்கூடக் கவிழவில்லை. அதனால் பயிற்சி முழு வெற்றி என்று உபகுழு அறிவித்தது.

ஒருநாளாவது கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி, வேண்டுமென்றே கவிழ்த்து, வெளியே வரத் தெரிகிறதா என்று பாருங்கள் என்று இவரிடம் மன்றாடினேன். நல்ல படகை யாராவது வேண்டுமென்று கவிழ்ப்பார்களா என்று சிரித்தார்.

அடுத்து அந்த மிதவைச் சட்டைகள். வெள்ளைக்காரர் விட்டுப்போனவை பூச்சி அரித்திருந்ததால், சிங்கப்பூரிலிருந்து புதிதாக இரண்டு வரவழைத்தார்கள். சாமியார் காவி நிறம். உள்ளே இலவம்பஞ்சு, நாம் தலையணைக்கு அடைப்போமே, அதே பஞ்சுதான். தண்ணீர் ஏறாத உறைக்குள் திணித்திருந்தது. கழுத்து வழியாக மாட்டி, மார்பில் நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும். பொட்டலம் வந்த அன்று எனக்குப் பாதி உயிர் திரும்பியது. சரி, இதைப் போட்டுக்கொண்டு போனால் எப்படியாவது மிதப்பார் என்று நினைத்தேன்.

போட்டால்தானே. இவ்வளவு அழகான சட்டையைச் சும்மா எடுத்து மாட்டிக்கொள்ள எங்கள் சங்கத்தாரால் முடியுமா? அதை ஒரு பெரிய மனிதர் கையால் வாங்க வேண்டும். பொன்னாடைக்குப் பதிலாக மிதவைச் சட்டை போர்த்துவது. புதுமையாக இருக்கும், பத்திரிகையில் படம் வரும். டவுனில் செல்வாக்குள்ள ஒரு பிரமுகரை அழைத்தார்கள். அவர் கை படும்வரை பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அளவு சரியாக இருக்கிறதா என்றுகூட யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

விழா ஒரு சனிக்கிழமை காலை, உஜோங் பாசிர் கரையில். பசியாறும்போது இவர் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர சாப்பிடவில்லை. பயம் என்று முகத்தில் எழுதியிருந்தது. வாய் மட்டும் வரவேற்புரையை ஒப்பித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கவுந்தா படகை விடாதீங்க," என்றேன். "கரை பக்கத்திலதானே இருக்குன்னு கையை எடுத்துடாதீங்க. அது மிதக்கும். நீங்க மிதக்க மாட்டீங்க."

"காலங்காத்தால உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கரையில் பந்தல், ஒலிபெருக்கி, வாழைமரம். மேடை மேசையில் பட்டுத் துணி விரித்து, வெள்ளித் தாம்பாளத்தில் இரண்டு சட்டைகளையும் மடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம், மேலே ஒரு முழம் மல்லிகை. செட்டி அக்கா என் தோளைத் தட்டி, கடலுக்குப் போவது ஆட்களா, மேசையா என்று தன் மலாயில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படகு கூடவே வருவதற்கென்று மோட்டார் வைத்த சம்பான் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். உபகுழு செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அந்தச் சம்பானைக் காணோம். விசாரித்தால், பிரமுகர் கடல்வழியாக வந்து இறங்கினால் கம்பீரமாக இருக்குமே என்று அவரை அழைத்துவர ஆற்றுமுகத்துக்கு அனுப்பிவிட்டார்களாம்.

பிரமுகர் வரவில்லை. நேரம் போனது. ஒன்பது மணிக்கு ராகு காலம். நீரும் இறங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் தாமதித்தால் கரை முழுக்கச் சேறாகிவிடும். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், பிறகு தீர்ப்புச் சொன்னார். படகை நல்ல நேரத்தில் இறக்கிவிடுவது. ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் ஐயா வந்துவிடுவார். வந்ததும் மேடையில் சட்டையை அவர் கையால் வாங்கிக்கொள்வது. எல்லோரும் தலையாட்டினார்கள். படகுக்கு நேரம் பார்த்தார்கள், படகில் போகிறவனைப் பார்க்கவில்லை.

ஆண்கள் கூட்டத்துக்குள் நான் போனதே தப்பு என்று பலர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இப்போது போட்டுக்கொண்டு போங்கள், வந்ததும் கழற்றித் தாம்பாளத்தில் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இவரிடம் சொன்னேன். தலைவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. சங்க விஷயத்தில் பெண்பிள்ளைக்குப் பதில் சொல்வது அவர் வழக்கமில்லை. இவரிடம்தான் சொன்னார்.

"என்ன செயலாளரே, போட்டுக் கழட்டுனதையா ஐயா கையில தூக்கிக் குடுக்கிறது? எச்சில் பண்ணுன மாதிரி ஆயிடாது?"

இவர் என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தையும் செருப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கையாலாகாத மனிதன் என்று அந்த நிமிஷம் அவரை மனதுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே கடிகாரத்தை முந்தானையில் முடிந்தேன்.

தலைவர் கழுத்தில் ரோஜா மாலையோடு ஏறினார். நான்கு பேர் தள்ளிவிட்டார்கள். நினைத்தபடியே மூக்கு முங்கி, வால் தூக்கிக்கொண்டது. ஆனாலும் போனது. கூட்டம் கைதட்டியது, நாயனக்காரர் ஊதினார். புல்லில் யாரும் கவனிக்காத ஒன்று தண்ணீரில் தெரிந்தது: தலைவர் வலப்பக்கம் போடும்போது இவர் இடப்பக்கம் போட்டார், துடுப்பும் துடுப்பும் மோதிக்கொண்டன. அப்படியே ஆட்டம் போட்டுக்கொண்டு, ஆள் தலை சின்னதாகத் தெரிகிற தூரத்துக்குப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு முகத்தில் குளிர்காற்றுப் பட்டது. சுமத்ரா பக்கம் வானம் அடுப்புக்கரியாகக் கிடந்தது. அதன் கீழே தண்ணீர் கறுத்துக்கொண்டு கரையை நோக்கி வந்தது. எங்கள் தெருவில் என்றால் இந்நேரம் எல்லா அம்மாக்களும் பிள்ளைகளைக் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே ஒலிபெருக்கியில் வாழ்த்துச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அலை பக்கவாட்டில் அடிக்க, படகு ஆட ஆரம்பித்தது. இருவரும் குனிந்து துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த வரை அது சமாளித்தது. அந்த நேரம் பார்த்துச் சாலையில் கார் ஹாரன் கேட்டது. ஆற்றுமுகத்தில் சம்பான் காத்துக்கொண்டிருக்க, பிரமுகர் சாவகாசமாகக் காரில் வந்து இறங்கினார். ஐயா வந்துவிட்டார் என்று ஒலிபெருக்கி முழங்கியது.

கடலில் தலைவருக்கு அது கேட்டுவிட்டது. துடுப்பை மடியில் போட்டார். இடுப்பைத் திருப்பிக் கரையைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஒரு கும்பிடு போட்டார்.

படகு கவிழ்ந்தது. கரையில் பாதிப் பேர் பதில் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் மேடைக்கு ஓடினேன். மேசைமுன் உபகுழுத் தலைவர் குறுக்கே கையை நீட்டி, அது ஐயா கையால் கொடுக்க வேண்டியது என்று ஆரம்பித்தார். அவரைத் தள்ளினேன். தாம்பாளம் உருண்டது, குங்குமம் பட்டுத் துணியில் கொட்டியது. இரண்டு கக்கத்திலும் சட்டைகளை இடுக்கிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, தண்ணீரில் இறங்கினேன். பின்னால் யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாராக இருந்தால் என்ன?

அந்தக் கரை சட்டென்று ஆழமாகாது. முழங்கால், இடுப்பு, மார்பு என்று சேற்றில் காலை இழுத்து இழுத்துப் போனேன். பிறகு கால் எட்டவில்லை. சட்டைகளை மார்புக்குக் கீழே கொடுத்து, சின்ன வயசில் அடித்ததுபோலக் காலை அடித்தேன். மழை ஊசியாகக் குத்தியது. படகு கண்ணில் படவில்லை. செத்துவிட்டார், என் புருஷனைக் கும்பிடு போட்டே கொன்றுவிட்டார்கள் என்று வாய்விட்டு அழுதேன். அழுத வாயில் கடல் புகுந்தது. அன்று நான் பட்ட பயத்தை அதற்குப் பிறகு பிரசவத்தில்கூடப் பட்டதில்லை.

ஓர் அலை தூக்கியபோது பச்சையாகப் படகின் அடிவயிறு தெரிந்தது. அதன்மேல் தலைவர் குப்புறக் கிடந்தார், மாலை இன்னும் கழுத்தில். அந்தப் பக்கம் இவருடைய தலை. தண்ணீருக்குள் போகும், வரும், போகும். கண் மேலே செருகியிருந்தது. சட்டையை நீட்டினேன். வெடுக்கென்று ஒரு கையால் பிடுங்கினார். நன்றியும் இல்லை, அடையாளமும் இல்லை. நான் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. கழுத்து வழியாக மாட்டி, நாடாவைப் பல்லால் இழுத்து இறுக்கினேன். தலை நிமிர்ந்து மிதந்தது. மற்றதைத் தலைவர் பக்கம் தள்ளினேன். அவர் மூச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, ஐயா பார்த்துவிட்டாரா என்பதுதான்.

காற்று கரைப்பக்கம் அடித்தது எங்கள் அதிர்ஷ்டம். படகைப் பிடித்தபடி மூவரும் அதன் போக்கில் ஒதுங்கினோம். சங்கத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுக்கு வந்து நின்றார்கள். முதலில் தலைவரைத் தாங்கிப் பிடித்தார்கள், பிறகு செயலாளரை. வரிசை மாறவில்லை. என்னைச் செட்டி அக்கா வந்து இழுத்துக்கொண்டார், தோளில் போட்டிருந்த சாரோங் துணியை எடுத்து என்னைச் சுற்றினார்.

இத்தோடு விழா முடிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். மழை விட்டதும் உபகுழுத் தலைவர் வந்து இரண்டு சட்டைகளையும் கழற்றி வாங்கிப் போனார். துண்டால் துடைத்தார். புதிதாகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். போட்டுக் கழற்றினால் எச்சில் என்றார்களே, அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ராகு காலம்கூட யாருக்கும் நினைவில்லை. கடலைக் கக்கி முடித்து அரைமணிகூட ஆகாத என் வீட்டுக்காரர், சொட்டச் சொட்ட மேடை ஏறினார். பிரமுகர் சட்டையை நீட்ட, குனிந்து, இரண்டு கைகளாலும் பணிவாக வாங்கிக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சிரித்தார்.

நன்றியுரை நீளமாக இருந்தது. பிரமுகருக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு, தேநீர் தந்தவருக்கு, சரியான நேரத்தில் நின்ற மழைக்குக்கூட நன்றி சொன்னார்கள். ஏற்பட்ட சிறு தடங்கல் பாதுகாப்பு உபகுழுவின் விழிப்புணர்வால் நீங்கியது என்றார்கள். ஈரச் சேலையோடு மணலில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்காவுக்குத் தமிழ் புரியாதது நல்லதாயிற்று.

 போட்டோ அச்சாகி வந்த அன்றுதான் இதைப் பற்றி வாயைத் திறந்தேன். படத்தை விளக்கடியில் வைத்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளுகிட்ட வாங்கறப்ப ரெண்டு கையையும் நீட்டியிருக்கீங்க," என்றேன். "எங்கிட்ட ஒத்தக் கையாலதானே புடுங்குனீங்க."

படத்தைக் கவிழ்த்து வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னொரு கையில படகு இருந்துச்சு," என்றார். "விடாதீங்கன்னு நீதானே சொன்ன."

 எழுந்துபோய்ச் சோறு போட்டேன். ஒரு வாய் வைத்ததும் குழம்பில் உப்புக் கூடுதல் என்றார். அவ்வளவு கடலைக் குடித்த வாய்க்கு இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன்.